மச்சி, உன் பாஸ்வேர்டு சொல்லு

மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஏதாவது ஒரு கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் காலை எட்டரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கப் பத்துப் பேராவது காத்திருப்பார்கள். ஒருவன் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் அவசரமாக ஜிமெயிலைத் திறப்பான். ஃபைலை டவுன்லோடு செய்து, "அண்ணா, நாப்பது பக்கம் பிளாக் அண்டு ஒயிட், ஆறு பக்கம் கலர், ஸ்பைரல் பைண்டிங்" என்று சொல்லி, பணத்தைக் கொடுத்துவிட்டு ஓடுவான். மெயில் திறந்தபடியே கிடக்கும். அடுத்து வருபவள் அதே பிரவுசரில் 'இன்னொரு கணக்கைச் சேர்' என்று தன் கணக்கைச் சேர்ப்பாள். மாலையில் வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைச் சொடுக்கினால் ஏழெட்டு முகங்கள் வரிசையாக எட்டிப்பார்க்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் இரவு ஷட்டரை இறக்குமுன் அத்தனை கணக்குகளையும் லாக்-அவுட் செய்வதை ஒரு வேலையாகவே வைத்திருந்தார். "வீட்டுச் சாவிய கல்லா மேல வச்சிட்டுப் போகுதுங்க சார்" என்பார். எல்லாக் கடையிலும் அப்படி ஓர் அண்ணன் இருப்பாரா என்ன?

அந்த ஒரு மெயிலுக்குள் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்காலர்ஷிப்புக்கு அனுப்பிய ஆதார் ஸ்கேன், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், அப்பாவின் வருமானச் சான்றிதழ் எல்லாம் இருக்கும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. மற்ற கணக்குகளில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால் வரும் இணைப்புகள் வந்து விழுவதும் இதே மெயிலில்தான். கல்லூரி போர்ட்டல், இன்ஸ்டாகிராம், வேலைக்கு விண்ணப்பித்த தளங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் மூலச் சாவி.

நான் சில ஆண்டுகள் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி லேப்களையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொண்டவன். சேர்க்கை நாளன்று ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி, ஹாஸ்டல் விதிகள், பஸ் பாஸ் விண்ணப்பம் ஆகியவற்றோடு கணினிப் பயன்பாட்டு விதிகள் என்று ஒரு தாளிலும் கையெழுத்து வாங்குவோம். அந்தத் தாளை நின்று படித்த ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன், அவரும் ஒரு மாணவியின் தாத்தா. எந்தக் கல்லூரியின் தாளை எடுத்துப் பார்த்தாலும் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான்: கணக்கு உனக்கு மட்டும் உரியது, பாஸ்வேர்டை யாருக்கும் தராதே, உன் கணக்கின் பெயரில் நடப்பவற்றுக்கு நீயே பொறுப்பு. முதல் இரண்டும் எல்லாருக்கும் புரியும். மூன்றாவது எவ்வளவு கனமானது என்பது சிக்கல் வந்த பிறகுதான் உறைக்கும்.

கல்லூரி வாழ்க்கையே இரவல் வாழ்க்கைதான். கால்குலேட்டர், டிராஃப்டர், லேப் கோட், ரெக்கார்டு நோட், பைக், சட்டை என எல்லாம் கைமாறும். ப்ராக்ஸி என்ற பெயரில் வருகைப் பதிவைக்கூட இரவல் கொடுக்கிறோம். கேட்டுத் தராதவன் சீன் போடுகிறான் என்று பெயர் வாங்குவான். இந்தப் பழக்கத்தில் ஹாஸ்டலில் ஒருவனுக்கு அன்றைய டேட்டா தீர்ந்ததும், "மச்சி, உன் வைஃபை பாஸ்வேர்டு சொல்லு" என்கிறான். இவனும் சொல்லிவிடுகிறான். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கால்குலேட்டர் திரும்பி வரும், சொல்லிவிட்ட பாஸ்வேர்டு வராது. மாற்றினால்தான் உண்டு. அதைவிட, கால்குலேட்டரில் நம் பெயரை யாரும் தேடப்போவதில்லை.

இரவலும் திருட்டும் பாஸ்வேர்டு பிறந்த இடத்திலேயே தொடங்கிவிட்டன என்பது ஒரு வேடிக்கை. கணினியில் ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்ற ஏற்பாட்டுக்கு ஆரம்பமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம். ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1961-ல் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. ஒரே பெரிய கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளலாம். ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு, அந்தக் கணக்கைக் காக்கத்தான் பாஸ்வேர்டு. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம் கிடைத்தது, போதவில்லை. 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பாஸ்வேர்டு ஃபைலை அச்சிட்டுத் தரச் சொல்லி, அன்று கணினிக்குக் கட்டளை கொடுக்கப் பயன்பட்ட துளை அட்டை ஒன்றைப் போட்டுவைத்தார். சனிக்கிழமை விடியற்காலையில் போய் அச்சான தாளை எடுத்துக்கொண்டார். அத்துடன் விடவில்லை. மாட்டினால் பழி தன் ஒருவர் தலையில் மட்டும் விழக்கூடாது என்று அந்தப் பாஸ்வேர்டுகளை மற்றவர்களுக்கும் கொடுத்தார். இதை அவரே வெளியில் சொல்லப் பல ஆண்டுகள் ஆயின.

சரி, இன்றைய கல்லூரிக்கு வருவோம். ஹாஸ்டலில் போனை வைஃபையில் இணைத்ததும் ஒரு லாகின் பக்கம் வந்து ரோல் நம்பரும் பாஸ்வேர்டும் கேட்கும். பலர் இதை வெறும் தொல்லையாகப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் நடப்பது இதுதான். கல்லூரியில் மூவாயிரம் பேர் இருந்தாலும் வெளியுலகத்துக்குத் தெரிவது ஒன்றிரண்டு இணைய முகவரிகள் மட்டுமே. அபார்ட்மென்ட்டுக்கு வெளியே ஒரே கதவு எண், உள்ளே நூறு வீடுகள் என்பது போல. ஹாஸ்டலிலிருந்து யாரோ ஒருவன் ஒரு பெண்ணுக்கு ஆபாசமாக மெசேஜ் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். போலீஸுக்கு முதலில் கிடைப்பது கல்லூரியின் அந்தப் பொது முகவரிதான். அவர்கள் கல்லூரிக்குக் கடிதம் எழுதுவார்கள்: இந்தத் தேதி, இந்த நேரம், இந்த முகவரியைப் பயன்படுத்தியது யார்? கல்லூரியின் இணைய வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வாலில் பதிவைத் தேடினால் ஒரு வரி வரும். நேரம் 22:47, உள் முகவரி 10.12.4.181, பயனர் என்ற இடத்தில் ஒரு ரோல் நம்பர்.

அந்த வரியில் இருப்பது பாஸ்வேர்டுக்குச் சொந்தக்காரனின் எண். போனைக் கையில் வைத்திருந்தவன் யார் என்பது அதில் இருக்காது.

இந்தப் பதிவுகளைக் கல்லூரிகள் வேலை மெனக்கெட்டு வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. இந்தியாவின் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவம் எதுவும் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆக, நவம்பரில் ஒரு ராத்திரி இரவல் கொடுத்த பாஸ்வேர்டு, ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு நேரத்தில் உங்களைத் தேடி வரலாம்.

இப்படி ஒருவனைத் துறைத் தலைவர் அறையில் உட்கார வைத்து விசாரித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு மாணவன். ஒரு பெண்ணின் பெயரில் போலிக் கணக்கு தொடங்கப்பட்ட நேரத்தில் லாகின் அவனுடையது. அந்த நேரத்தில் அவன் ஊரிலேயே இல்லை, அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தான். பத்திரிகையையும் பஸ் டிக்கெட்டையும் காட்டினான். ஆனால் பாஸ்வேர்டை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டபோது ஆறு பேர் பெயரைச் சொன்னான். அந்த ஆறு பேரும் வேறு சிலருக்குச் சொல்லியிருந்தார்கள். கடைசிவரை செய்தவன் யார் என்று தெரியவில்லை. அவன் மேல் வழக்கு எதுவும் வரவில்லை, ஆனால் அவன் அப்பா மூன்று முறை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்.

சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் வந்தது, 2008-ல் திருத்தப்பட்டது. பிரிவு 66சி, இன்னொருவரின் பாஸ்வேர்டையோ மின்னணுக் கையெழுத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது பற்றியது: 3 ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் பிரிவு 66டி, அதற்கும் ஏறக்குறைய அதே தண்டனை. பாஸ்வேர்டும் கையெழுத்தும் 66சி-யில் ஒரே வாக்கியத்தில் வருவதைக் கவனிக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டோம் இல்லையா? சட்டம் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது. இரவல் கொடுத்தவன் அதனாலேயே குற்றவாளி ஆகிவிடுவதில்லை, தவறான எண்ணம் இருந்ததா என்பதைச் சட்டம் பார்க்கும். ஆனால் தன்னிடம் அது இல்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியவன் அவன்தான்.

இவ்வளவையும் மாணவன் தலையில் கட்டிவிட்டுக் கல்லூரி கைகழுவ முடியாது. என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் அலுவலகத்திலிருந்தே தொடங்குகிறது. முதலாமாண்டு மாணவர்களுக்குக் கணக்கு உருவாக்கும்போது யூசர் நேமாக ரோல் நம்பர், பாஸ்வேர்டாகப் பிறந்த தேதி என்று வைப்பது பல இடங்களில் வழக்கம். எக்செல்லில் ஒரே இழுப்பில் ஐந்நூறு பேருக்குப் போட்டுவிடலாம் என்பதால் எங்களுக்கு வசதி. நானே அப்படிச் செய்திருக்கிறேன்.

இதில் இருக்கும் ஓட்டையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாள், மாதம், ஆண்டு என்று எட்டு இலக்கம். எட்டு இலக்க எண்கள் மொத்தம் 10 கோடி இருக்கின்றன, கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் பிறந்தவர்கள். இரண்டு ஆண்டுக்கு 730 நாட்கள், அவ்வளவுதான். பத்துக் கோடி என்று நினைத்த பூட்டுக்கு 730 சாவிகளை முயன்றால் போதும். ரோல் நம்பரோ வரிசை எண். ஒருவனுடையது தெரிந்தால் வகுப்பு முழுவதும் தெரியும். அந்த 730-ஐக்கூட முயல வேண்டியதில்லை. யாருக்கு என்று பிறந்தநாள் என்பது வகுப்பு வாட்ஸப் குழுவில் கேக் படத்தோடு ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறதே!

எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு என்ன செய்யும் என்பதற்கு இணையத்தின் முதல் பெரிய விபத்தே சாட்சி. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், தானாகப் பரவும் ஒரு நிரலை எம்ஐடி கணினி ஒன்றிலிருந்து அவிழ்த்துவிட்டார். அது பரவிய வழிகளில் ஒன்று, பாஸ்வேர்டை ஊகிப்பது. முதலில் பயனரின் பெயரையே பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கும், அப்புறம் பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும், அப்புறம் கையோடு கொண்டுவந்த 432 சொற்களை ஒவ்வொன்றாக முயலும். இது பல இடங்களில் பலித்தது. அன்று இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் ஏறக்குறைய 6,000 முடங்கியதாகக் கணக்கிட்டார்கள். மோரிஸுக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம் என்று தீர்ப்பானது. பின்னாளில் அவர் அதே எம்ஐடியில் பேராசிரியரானது தனிக்கதை.

நல்ல பாஸ்வேர்டு என்றதும் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறியீடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் என்று பாடம் நடத்துவோம். இந்த விதிகள் பரவ முக்கியக் காரணம் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-ல் தயாரித்த வழிகாட்டி. அதை எழுதிய பில் பர் ஓய்வுபெற்ற பின், அதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக 2017-ல் ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் எழுத்து-எண்-குறியீடு கட்டாயம், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றம் என்ற இரண்டு விதிகளையும் கைவிட்டது. காரணம் எளியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மனிதன் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவான். குறியீடு கேட்டால் ஏ என்ற எழுத்துக்குப் பதில் மெயில் முகவரியில் வரும் அந்தச் சுழியைப் போடுவான். திருடுபவர்களுக்கும் இது மனப்பாடம்.

இப்போது சொல்லப்படுவது, நீளம்தான் முக்கியம் என்று. இதில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுக்கட்டை, டிரான்ஸ்ஃபார்மர், சித்தப்பா, புளியங்கொட்டை. இவற்றை இங்கிலீஷ் எழுத்துகளில், நீங்கள் வாட்ஸப்பில் அடிக்கும் அதே எழுத்துக்கூட்டலில் தொடர்ந்து அடித்தால் நாற்பது எழுத்துகளை நெருங்கும். மறக்காது, ஊகிக்கவும் முடியாது. கொழுக்கட்டைக்கு ஆளுக்கு ஆள் எழுத்துக்கூட்டல் வேறு, அதுவும் நல்லதே. இதே நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான். பிடித்த பாட்டின் முதல் வரியும் வேண்டாம், அது ஊருக்கே தெரியும்.

எவ்வளவு நல்ல பாஸ்வேர்டானாலும் ஒன்றையே எல்லா இடத்திலும் போட்டால் பயனில்லை. ஏதோ ஒரு ஷாப்பிங் தளத்திலிருந்து கசியும் பட்டியலை வைத்துக்கொண்டு, அதே மெயில், அதே பாஸ்வேர்டு ஜோடியை மற்ற தளங்களில் இயந்திரத்தைவிட்டு முயல்வது இன்று சர்வ சாதாரணம். மெயிலுக்கு மட்டுமாவது தனிப் பாஸ்வேர்டும், அதற்குப் பிறகு போனிலும் உறுதிசெய்யக் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

ஒருவரின் ஒரு சொடுக்கு ஒரு நிறுவனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான உதாரணம் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம். தெளிவாகத் தெரிவதற்குக் காரணம், நடந்ததை அவர்களே விசாரித்து வெளியிட்டதுதான். 2019 அக்டோபர் 15, 16 தேதிகளில் இரண்டு கணினிகளில் இரண்டு போலி மெயில்கள் திறக்கப்பட்டன. அன்று எதுவும் வெடிக்கவில்லை. திறந்தவர்கள் மறுநாளே அதை மறந்திருப்பார்கள். ஆனால் உள்ளே நுழைந்தவர்கள் இரண்டு மாதம் சத்தமில்லாமல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தார்கள். அப்டேட் செய்யாமல் விட்டிருந்த ஓர் இயந்திரம் வழியாக நவம்பரில் முழு நிர்வாகி உரிமையைப் பிடித்தார்கள். டிசம்பர் 23, கிறிஸ்துமஸ் விடுமுறை நேரம், 267 சர்வர்களில் இருந்த ஃபைல்களைத் திறக்க முடியாதபடி பூட்டி, சாவிக்குப் பணம் கேட்டார்கள். பேக்கப் வைத்திருந்த சில சர்வர்களும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அவையும் போயின. ஜனவரியில் தேர்வு வரவிருந்தது, ஆய்வு மாணவர்களின் பல வருட உழைப்பு பூட்டுக்குள் இருந்தது. பல்கலைக்கழகம் பிட்காயின் என்ற இணையப் பணத்தில் 30, அதாவது சுமார் 2 லட்சம் யூரோ, கப்பம் கட்டியது.

பின்கதை ஒன்றும் உண்டு. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை டச்சுப் போலீஸ் உக்ரைனில் ஒருவரின் கணக்கில் முடக்கியது. திரும்பி வருவதற்குள் பிட்காயின் விலை ஏறிவிட்டதால், 2022-ல் அதன் மதிப்பு சுமார் 5 லட்சம் யூரோ. கட்டியதைவிட அதிகம்! பணக்கஷ்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கு உதவ அதைப் பயன்படுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

மெயிலில் ஏமாறுபவர்கள் மாணவர்கள்தான் என்று பேராசிரியர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஒன்பது ஈரானியர்கள் மேல் பதிந்த வழக்கைப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். அந்தக் குற்றச்சாட்டின்படி, உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேராசிரியர் கணக்குகளைக் குறிவைத்து சுமார் 8,000 கணக்குகளைப் பிடித்திருந்தார்கள். தூண்டில் என்ன தெரியுமா? வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதுவது போல ஒரு மெயில்: உங்கள் கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன், தொடர்பான சில கட்டுரைகள் இதோ. இணைப்பைச் சொடுக்கினால் அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்தின் லாகின் பக்கம் போலவே ஒன்று வரும். ஏதோ காரணத்தால் லாக்-அவுட் ஆகிவிட்டது என்று நினைத்து மறுபடி பாஸ்வேர்டு அடிப்பார். தன் கட்டுரையை ஒருவர் படித்தார் என்றால் யாருக்குத்தான் சொடுக்கத் தோன்றாது?

ஆசிரியர்கள் பக்கம் இன்னொரு வழக்கம் உண்டு, இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். இன்டர்னல் மார்க் ஏற்றும் கடைசி நாளன்று துறைத் தலைவரின் லாகின், ஓர் உதவிப் பேராசிரியரிடமோ லேப் அசிஸ்டென்ட்டிடமோ இருக்கும். "சார் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்துல ஒட்டியிருக்கு, பாத்துக்கோங்க" என்பார்கள். நம்பிக்கைதான், வேறொன்றுமில்லை. ஆனால் ஒரு மதிப்பெண் மாறிவிட்டது என்று புகார் வந்தால், பதிவில் வருவது துறைத் தலைவர் பெயர். மாணவனுக்கு ஹாஸ்டல் வைஃபையில் நடந்தது இங்கே பெரியவர்களுக்கு நடக்கும். வேலையைப் பிரித்துக் கொடுப்பதில் தவறில்லை, அதற்கு அந்த உதவிப் பேராசிரியருக்கே ஏற்றும் உரிமையோடு தனிக் கணக்கு கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலான மென்பொருள்களில் இது பத்து நிமிட வேலை. கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பென் டிரைவ் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இப்போது எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதால் முன்பு போல் இல்லை. ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்து வந்த பென் டிரைவை லேப்பில் போட்டால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். பெரும்பாலும் ஃபைல்கள் அழிந்திருக்காது, வைரஸ் அவற்றை மறைத்துவிட்டுத் தன்னை அந்தப் பெயரில் வைத்திருக்கும். பதறிப்போய் ஷார்ட்கட்டைத் திரும்பத் திரும்பச் சொடுக்கினால் ஒவ்வொரு முறையும் வைரஸைத்தான் ஓட்டுகிறோம். லேப் அண்ணனிடம் கொடுத்தால் மீட்டுத் தருவார். இன்று பென் டிரைவின் இடத்தைப் பிடித்திருப்பது வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வரும் ஏபிகே ஃபைல்கள், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப் நிறுவும் ஃபைல்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். ஆப் ஆக வந்து இன்ஸ்டால் செய்யச் சொன்னால் அது பத்திரிகை இல்லை.

இரவல் பழக்கத்தின் மிக மோசமான முகத்தை இப்போது வங்கிக் கணக்கில் பார்க்கிறோம். சீனியர் ஒருவர் வருவார். "உன் அக்கவுன்ட் சும்மாதானே கிடக்கு, ஒரு மாசத்துக்குக் குடு, சிம்மும் ஏடிஎம் கார்டும் சேர்த்து, கமிஷன் தர்றேன்" என்பார். அந்தக் கணக்கு வழியாக ஓடுவது எங்கோ ஒரு பாட்டியிடம் போலீஸ் போல வீடியோ காலில் வந்து, டிஜிட்டல் அரெஸ்ட் என்று மிரட்டிப் பறித்த பணமாக இருக்கும். புகார் வந்ததும் பணம் போன பாதையில் இருக்கும் கணக்குகள் எல்லாம் முடக்கப்படும், முதலில் சிக்குவது கணக்குக்குச் சொந்தக்காரர். சீனியரின் எண் அதற்குள் அணைந்திருக்கும். ஹாஸ்டல் வைஃபை பாஸ்வேர்டை இரவல் கொடுத்தவனாவது 'தெரியாமல் கொடுத்தேன்' என்று சொல்லலாம். கமிஷன் வாங்கியவனுக்கு அந்த வாதம் எடுபடாது.

ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிவது ஆரம்ப நேரத்தில்தான். மெயில் கணக்கு பிறர் கைக்குப் போயிருந்தால் வேறொரு கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்த வேண்டும். ஜெராக்ஸ் கடையில் மறந்துவிட்டு வந்ததற்கும் இதே மருந்துதான், பஸ்ஸில் இருந்தே போனில் செய்யலாம். அப்புறம் அந்தக் கணக்கில் மீட்பு எண்ணோ, மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் அமைப்போ புதிதாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் மெயில் ஒழுகிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த ஓட்டை வழியாகத்தான்.

கல்லூரிக் கணினி என்றால் லேப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். இங்கேதான் தடங்கல். தப்பான இணைப்பைச் சொடுக்கிவிட்டேன் என்று ஒரு முதலாமாண்டுப் பெண் வந்து சொன்னால், நாம் முதலில் செய்வது திட்டுவது. அப்பாவை அழைத்து வா என்பது அடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐம்பது பேர், தங்களுக்கு நடந்தால் வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவெடுக்கிறார்கள். மாஸ்ட்ரிக்ட்டில் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் இருந்தது போன்ற இரண்டு மாத மௌனத்தை நாமே திருடனுக்கு ஏற்பாடு செய்து கொடுக்கிறோம். மாதத்தின் முதல் புதன்கிழமை சைபர் விழிப்புணர்வு நாள் என்று பேனர் கட்டிக் குரூப் போட்டோ எடுப்பதைவிட, வந்து சொன்னவரைத் திட்டாமல் இருப்பது பலன் தரும் என்பது என் கட்சி. செலவும் குறைவு.

கடைசியாக, படிப்பு முடிந்து போகும் நாள். நோ டியூஸ் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்கள் நூலகம், மெஸ், ஹாஸ்டல், ஃபிசிக்ஸ் லேப் என்று கையெழுத்துக்கு அலைவார்கள். உடைத்த பீக்கருக்கு நாற்பது ரூபாய்கூட விடாமல் வசூலாகும். நான் இருந்தவரை அந்தப் படிவத்தில் கணினிக் கணக்குக்கு ஒரு கட்டம் கிடையாது. கல்லூரி மெயிலைக் கொடுத்து ஆரம்பித்த வேலைத் தளக் கணக்குகள், டிரைவில் கிடக்கும் ப்ராஜெக்ட், கூகுள் போட்டோஸில் நான்கு வருடப் படங்கள் எல்லாம் சில மாதங்களில் கணக்கை மூடும்போது போய்விடும். "சார், ஒரே ஒரு நாள் தொறந்து விடுங்க" என்று ஆண்டுதோறும் ஜூலையில் போன் வரும். மூடாமல் விட்டாலும் ஆபத்து. பாஸ் அவுட் ஆகி மூன்று வருடமான ஒருவனின் ரோல் நம்பரில், அவன் பிறந்த தேதியே பாஸ்வேர்டாக, ஹாஸ்டலில் இரண்டு ஜூனியர்கள் படம் டவுன்லோடு செய்துகொண்டிருந்ததை நான் ஒருமுறை பதிவில் பார்த்தேன். அவனுக்குப் போன் செய்து சொன்னபோது அவன் துபாயில் இருந்தான். "அட, அது இன்னும் ஓடுதா சார்?" என்று சிரித்தான்.